கல்யாணம் பேச உட்காரும் காரைக்கால் பெரியவர்களுக்கு

காரைக்கால் நகரத்திலும், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் கொம்யூன்களிலும் பிள்ளைகளுக்கு வரன் பார்த்து, எதிரெதிரே உட்கார்ந்து கல்யாணம் பேசி முடிக்கும் தாய்மாமன்மார், அத்தைமார், பெரியப்பாமார், ஜமாஅத் பெரியவர்கள், பங்குப் பேரவைக்காரர்கள், மீனவப் பஞ்சாயத்தார் எல்லோருக்கும் எழுதுவது:

வீடு எந்த மதமானாலும், பேச்சு நடக்கும்போது ஏதோ ஒரு கட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்: "இது காலங்காலமா வர்ற வழக்கம். அதை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க." பெரும்பாலும் அப்போது பேச்சு ரொக்கத்துக்கோ பவுனுக்கோ வந்திருக்கும். முகூர்த்தம் எத்தனை மணிக்கு, மந்திரமா தமிழா, பந்தி சைவமா பிரியாணியா என்பதில் எல்லாம் விட்டுக்கொடுத்த அதே மனிதர், அந்த இடத்தில் மட்டும் காலங்காலத்தைத் துணைக்கு அழைப்பார். காரைக்காலின் கல்யாண வழக்கங்களுக்கு உண்மையில் என்ன வயது, யார் யார் எப்போது அவற்றில் கைவைத்தார்கள் என்று ஒருமுறை எடுத்துச் சொல்லத்தான் இந்த மடல்.

ஊரே சேர்ந்து நடத்தும் கல்யாணத்திலிருந்து தொடங்கலாம். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் முதலில் பரமதத்தருக்கு மாப்பிள்ளை அழைப்பு, அடுத்து புனிதவதியாருக்கும் அவருக்கும் திருக்கல்யாணம். அதன் பிறகுதான் பிச்சாண்டவர் வீதியுலாவும், மாடிகளிலிருந்து பக்தர்கள் மாம்பழம் வீசுவதும். வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழம்தான் நினைவில் நிற்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது கல்யாண வீடு.

அந்தக் கல்யாணத்தின் கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். காரைக்கால் வணிகர் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதி. மாப்பிள்ளை நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன். ஒரே மகள் என்பதால் தனதத்தன் அவளை நாகைக்கு அனுப்பவில்லை. தன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு மனை அமைத்து, செல்வமும் கொடுத்து, மாப்பிள்ளையைக் காரைக்காலில் குடிவைத்தான். இன்று ஒரு பையன் இதற்குச் சம்மதித்தால் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று ஊர் சிரிக்கும். ஊரின் மிகப் பழைய கல்யாணக் கதையோ அப்படித்தான் நடந்திருக்கிறது.

அதில் விசித்திரம் ஒன்றுமில்லை. தெற்கே காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கடல் வாணிபம் செய்த சமூகங்களில் ஆண்கள் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கப்பலில் இருந்தார்கள். பெண் தாயோடும் சகோதரிகளோடும் இருப்பதுதான் பாதுகாப்பு. சேக்கிழார் காட்டும் சைவ வணிகக் குடும்பத்துக்கும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய மரைக்காயர் குடும்பத்துக்கும் வேதம் வேறு, கடல் ஒன்று.

பரமதத்தனும் கப்பல் ஏறினான். திரும்பிக் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிய நாட்டில் இறங்கி இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தான். நிலைக்காமல் போன ஒரு கல்யாணத்தை ஆண்டுதோறும் மேளதாளத்தோடு நடத்திவைக்கும் ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்பது சந்தேகம். கைவிடப்பட்ட புனிதவதியாரைக் குறை சொல்லாமல், தாயே என்று கும்பிட்டு நடத்துகிறது என்பது காரைக்காலுக்குப் பெருமை.

இன்னொரு தெய்வக் கல்யாணம் மாசி மகத்தில். திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரைச் சாமியாக மட்டும் வரவேற்பதில்லை, மாப்பிள்ளையாக வரவேற்கிறார்கள். மீனவர் தலைவனின் மகளாகப் பிறந்த பத்மினி நாச்சியாரைப் பெருமாள் மணந்தார் என்பது நம்பிக்கை. அதனால் அன்று அவர் மனைவியின் பிறந்தகத்துக்கு வருகிற மருமகன். தோளில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை என்று உரிமையோடு கூப்பிடுவார்கள். திவ்யதேசத்துப் பெருமாளுக்கும் வலை வீசும் குப்பத்துக்கும் இடையே கொள்வினை கொடுப்பினை உண்டு என்பதை ஊர் முழுக்க ஒப்புக்கொண்டு, பட்டு சாத்திக் கொண்டாடுகிறது. அதே ஊர்களில் மனிதப் பிள்ளைகள் சாதி தாண்டி விரும்பினால் என்ன நடக்கிறது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. பேசி முடிக்கும் இடத்தில் உட்காரும் உங்களுக்குத் தெரியாததா?

மனிதக் கல்யாணங்களுக்கு வருவோம். தாலியிலிருந்து தொடங்குவதுதான் முறை.

1703 நவம்பரில் ரோமிலிருந்து பாப்பரசரின் தூதராக தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அவருடைய உண்மையான பயணம் சீனாவுக்கு. வழியில் தங்கிய எட்டு மாதத்தில் உடம்பு சரியில்லாமல், ஊருக்குள் அதிகம் நடமாடாமல், விசாரித்துக் கேட்டதை வைத்தே 1704இல் தமிழ்க் கத்தோலிக்கரின் பழக்கவழக்கங்களைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் பெரும்பங்கு கல்யாணத்தைப் பற்றியது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. பந்தலில் அரசங்கிளை நடுவது கூடாது. தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது கூடாது. கண்ணேறு கழிக்க மணமக்கள் தலையைச் சுற்றுவது கூடாது. ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குக் கல்யாணம் செய்வதும் கூடாது. தாலி வேண்டுமென்றால் சிலுவையோ மாதாவின் உருவமோ பொறித்துக்கொள்ளலாம்.

ஆணையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால் ஒரு படம் கிடைக்கிறது. கிறித்தவர்களாகி இரண்டு மூன்று தலைமுறை ஆன பிறகும் சோழமண்டலக் கரைக் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்தில் அரசாணிக்கால் நின்றது, மஞ்சள் கயிறு ஏறியது, தேங்காய் உடைந்தது. இதையெல்லாம் இடம்கொடுத்து நடத்திவந்த சேசு சபைக் குருக்கள், தடை போட்டால் ஆட்கள் மிஞ்ச மாட்டார்கள் என்று ரோமுக்கு மேல்முறையீடு செய்தார்கள். நாற்பது ஆண்டுகள் வழக்கு இழுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் பெரும்பாலும் தூர்னோன் பக்கமே தீர்ப்பளித்து முடித்துவைத்தார்.

தடைக்கு அப்புறம் தாலி ஒழிந்ததா? ஒழியவில்லை. பிள்ளையார் இருந்த இடத்தில் சிலுவை வந்தது. இன்று காரைக்காலில் தூய தேற்றரவு அன்னை ஆலயத்தில் மந்திரிக்கப்பட்டு மணமகள் கழுத்தில் ஏறும் தாலி, அப்படி ஒரு நீண்ட வழக்கில் சமரசமாகிப் பிழைத்து வந்த தாலி. மோதிரமும் மாற்றுகிறார்கள், தாலியும் கட்டுகிறார்கள். ஐரோப்பாவும் டெல்டாவும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன.

இந்து வீட்டுக் கல்யாணம் மட்டும் மாறாமல் வந்ததா என்றால், அதுவும் இல்லை. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாட்டுகள் பழந்தமிழர் கல்யாணத்தை விரிவாகக் காட்டுகின்றன. புது மணல் பரப்பிய பந்தல் இருக்கிறது. நல்ல நாள் பார்த்தது இருக்கிறது. உளுந்தும் சோறுமாக விருந்து இருக்கிறது. 136ஆம் பாட்டில் இறைச்சிச் சோறே இருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை வாழ்த்துவது இருக்கிறது. புரோகிதரும் தீவலமும் இல்லை. தீவலம் செய்யும் கல்யாணம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. அது நடக்கிற இடம் காரைக்காலுக்கு வடக்கே, கடலோரமாகவே போனால் வந்துவிடும் புகார்.

கடைசியாக இந்து மணத்தில் கைவைத்தவர்கள் சுயமரியாதை இயக்கத்தார். அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத திருமணம் நடந்தது. அந்த முறையைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் மணந்துகொண்டார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் ஒன்று செல்லாது என்றது. செல்லாது என்றால் அந்தப் பெண் மனைவி இல்லை, பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. புதுச்சேரிக்கும் அந்தப் பிரிவு வந்தது. மாலை மாற்றினாலே போதும், மோதிரம் போட்டாலே போதும், தாலி கட்டினாலும் சரி என்கிறது சட்டம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இதற்குப் பெரிய கூட்டம் கூட்டி ஊரறியச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. தொண்ணூற்றைந்து ஆண்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். காலங்காலம் என்பது இவ்வளவுதான்.

நிக்காஹ் இவற்றையெல்லாம் விடச் சுருக்கமானது. பெண்ணின் வலீ (பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், மஹர், கேட்பதும் ஏற்பதும், நிக்காஹ் புத்தகத்தில் கையெழுத்து. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி எல்லாம் ஊர் சேர்த்தது: மாப்பிள்ளை ஊர்வலம், பைத், பண்டாரி கைப்பக்குவத்தில் பிரியாணி, நான்கைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன், மணமகள் கழுத்துக்குக் கருகமணி. மார்க்கத்தில் கருகமணிக்கு இடமில்லை என்று 1980களிலிருந்து தவ்ஹீத் பேச்சாளர்கள் ஊர் ஊராகச் சொல்லிவருகிறார்கள். அதே மேடையில் வரதட்சணைக்கும் இடமில்லை என்று சேர்த்தே சொன்னார்கள். கருகமணியை விட்டுவிட்ட வீடுகள் எல்லாம் கைக்கூலியையும் விட்டனவா என்ற கேள்விக்குப் பதில் அந்தந்த ஜமாஅத்துக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் தமிழகக் கரையோரம் முழுவதற்கும் பொருந்துவது. காரைக்காலுக்கு மட்டும் உரிய கதை வேறு. அதைப் பக்கத்து நாகப்பட்டினத்துக்காரர்களுக்குச் சொன்னாலும் பாதிதான் புரியும்.

1739இல் காரைக்கால் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பின்னாளில் சட்டத்தை வகுக்கும்போது அவர்கள் 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணையில் ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: இந்தியர்கள், கிறித்தவரோ முஸ்லிமோ இந்துவோ, முன்போலவே தத்தம் சாதியின் சட்டப்படியும் வழக்கப்படியும் தீர்ப்பளிக்கப்படுவார்கள். எல்லா மதத்தையும் சாதி வழக்கம் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சமத்துவம் பேசிய புரட்சியைச் செய்த நாடு, கடல் தாண்டி வந்ததும் செய்த காரியம் அது.

அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வர 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை ஒரு வாசல் வைத்தது. விரும்புகிறவர்கள் தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். இவர்களே ரெனோன்சான்கள். இதற்காக முன்னின்று போராடிய புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றம் ஏறியதற்காக அபராதம் விதிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். அவர் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாப்போர்த். துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் அதிகம். அவர்கள் கல்யாணம் சாதி வழக்கப்படி அல்ல, மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம்.

அந்த வாசல் வழியே போனவர்களின் தனிநிலை சட்டத்தில் இன்றும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இது பொருந்தாது என்று தனி வரி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் முதல் பிரிவிலும் அதே விலக்கு. இந்தியா முழுவதற்கும் எழுதப்படும் சட்டத்தில், ஒரு சிறு கடலோரச் சமூகத்துக்காக இப்படி ஒரு வரி. ஒரே தெருவில், ஒரே கோயிலுக்குப் போகும் இரண்டு வீடுகளில், ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு சட்டமும் அடுத்த வீட்டுக்கு இன்னொரு சட்டமும் இருக்க முடியும்.

எல்லை என்பதைக் கல்யாணத்துக்குப் பயன்படுத்திக்கொண்டவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு. 1930 ஏப்ரலில் பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் அமலுக்கு வந்தது: பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் நிரம்பாமல் கல்யாணம் செய்தால் தண்டனை. பிரெஞ்சு எல்லைக்குள் அந்தச் சட்டம் இல்லை. வைதிகக் குடும்பங்கள் சில, எட்டு வயதுப் பெண்ணையும் சாஸ்திரிகளையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்து முகூர்த்தத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பின. எல்லைக்கு வெளியே செய்தாலும் பிரிட்டிஷ் பிரஜைக்குச் சட்டம் பொருந்தும் என்று 1938இல் திருத்தம் வந்த பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது. அவர்களும் வழக்கத்தைக் காப்பாற்றத்தான் வந்தார்கள். அவர்களுடைய பேத்திகள் பட்டம் படித்து, இருபத்தைந்து வயதுக்கு மேல் மணந்துகொண்டார்கள். வழக்கம் போனதற்காக இன்று யாரும் வருந்துவதாகத் தெரியவில்லை.

1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். அன்று முதல் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. பிரெஞ்சு இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எழுதிக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) எழுதிக்கொடுத்தார், இந்த வீட்டுத் தாத்தா எழுதிக்கொடுக்கவில்லை என்ற அந்த ஒரு கையெழுத்தின் விலை, அறுபது ஆண்டுகள் கழித்தும் கல்யாணப் பேச்சில் தெரிகிறது. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்கு ஒரு தனி விலை உண்டு. அப்படிப்பட்ட பெண்ணாக இருந்தால் தராசு மறுபக்கம் சாயும். மாப்பிள்ளை வீட்டார்கூடக் கேட்பதைக் குறைத்துக்கொள்வார்கள். வழக்கம் கல்லில் வெட்டியது அல்ல, பேரம்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கடவுச்சீட்டின் நிறம் மாறினால் காலங்கால வழக்கம் அரை மணி நேரத்தில் திசை மாறுகிறது.

பாரிஸில் இருக்கும் காரைக்கால் பிள்ளைகளின் கல்யாணத்தில் இன்னொரு வேடிக்கை. அங்கே சட்டப்படி முதலில் மேரி, அதன் பிறகுதான் கோயிலோ மாதா கோவிலோ பள்ளிவாசலோ. மேரிக்கு முன்பே மதச் சடங்கு நடத்திவைப்பதை வாடிக்கையாக்கும் மதகுருவுக்குத் தண்டனை உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இங்கே வந்து மணந்தால், முன்கூட்டியே தூதரகத்தில் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு பத்து நாள் ஒட்டப்படும். பிறகு இந்தியப் பதிவைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாதா கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதும், இந்தியச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்பும் இதே வேலைதான்: தடை சொல்ல யாராவது இருந்தால் வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுவது. இதில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள், மதம் தாண்டி மணக்கும் பிள்ளைகளைத் தேடி உறவினர் கும்பல் கிளம்பவும் வசதி செய்து கொடுக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இனி அந்த ரொக்கத்துக்கும் பவுனுக்கும் வருவோம். பாப்பரசர் தாலியில் கைவைத்தார். பிரெஞ்சு அரசு பதிவேட்டில் கைவைத்தது. பெரியார் மந்திரத்தில் கைவைத்தார். தவ்ஹீத்காரர்கள் கருகமணியில் கைவைத்தார்கள். பாராளுமன்றம் வயதில் கைவைத்தது. எல்லாம் மாறின. மாறாததாகச் சொல்லப்படுவது பெண் வீட்டார் கொடுக்கும் காசு ஒன்றுதான். அதை மட்டும் எந்த மதமும் கட்டாயமாக்கவில்லை. நிக்காஹில் பணம் ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போக வேண்டும். மஹர் அவள் சொத்து, அவள் தந்தைக்குக்கூட அதில் உரிமை இல்லை. மாதா கோவில் திருமணத்தில் சம்மதம் மட்டுமே தேவை. அகநானூற்றுக் கல்யாணங்களில் நெல்லும் பூவும்தான்.

சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வரதட்சணை கேட்பது, வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். 1986 திருத்தத்துக்குப் பின், வாங்கினாலும் கொடுத்தாலும் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. மஹரை அந்தச் சட்டம் வரதட்சணையாகக் கருதுவதில்லை. இதெல்லாம் பேச உட்காரும் எல்லோருக்கும் அரைகுறையாகவாவது தெரியும். தெரிந்ததால்தான் தொகை மட்டும் வாயால் பேசப்படுகிறது. பத்திரிகையில் அச்சாகாது, நிக்காஹ் புத்தகத்தில் ஏறாது, பங்குப் பதிவேட்டில் இருக்காது. பல நிக்காஹ் புத்தகங்களில் மஹர் ஒரு சிறு தொகையாக எழுதப்பட்டிருக்கும். அதே நாளில் எதிர்த்திசையில் போன பெருந்தொகைக்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

எழுதாத காசு யாருடையது? கல்யாணம் நன்றாக இருக்கும் வரை இந்தக் கேள்வி எழாது. கெட்டுப்போன நாளில் பெண் தன் வீட்டுக்குத் திரும்பி வரும்போது, எத்தனை பவுன் போட்டார்கள் என்பதற்கு அவள் அம்மாவின் ஞாபகம்தான் சாட்சி. எதிர்த்தரப்புக்கு அந்த ஞாபகம் வேறு மாதிரி இருக்கும்.

கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் தமிழ் பேசுகிறவர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதினார். அதில் மகளுக்குக் கொடுக்கும் சீதனத்தை ஓலையில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. அது பெண்ணின் சொத்து. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்ற தமிழ்ச் சொல்லையே சட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு, அது மணமகளின் பயன்பாட்டுக்காக மணமகனிடம் கொடுக்கப்பட்டது என்று வரையறுத்தது. மனைவி காழி நீதிபதியிடம் போய் அதைத் திரும்பக் கேட்கலாம். சீதனத்தின் சுமையில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நொடித்துப்போன குடும்பங்கள் ஏராளம். எழுதி வைத்ததால் வழக்கம் நல்லதாகிவிடவில்லை. ஆனால் கொடுத்தது யாருக்கு என்ற கேள்விக்காவது காகிதத்தில் பதில் இருந்தது.

நம் சட்டத்திலும் அதற்கு வழி இருக்கிறது, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 1985 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கும் பரிசுப் பட்டியல் விதிகள், கேட்காமல் மனமுவந்து கொடுக்கும் பரிசுகளை எழுதி வைக்கச் சொல்கின்றன. கல்யாணத்தின்போதோ முடிந்த கையோடோ பட்டியல் தயாராக வேண்டும். பொருள் என்ன, ஏறத்தாழ மதிப்பு என்ன, கொடுத்தவர் பெயர், அவர் என்ன உறவு, இவ்வளவுதான். மணமகள், மணமகன் இருவரும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி ரேகை வாங்கலாம். மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகள்தான் வைத்திருக்க வேண்டும். வரதட்சணையாக வேறு யார் கையில் எது போயிருந்தாலும், பொதுவாக மூன்று மாதத்துக்குள் அதை மணமகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மூலச் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. மதம் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

இந்த மடலின் கோரிக்கைகள் இரண்டு. தொகை பேசாமல் எழுந்திருக்க முடியுமானால், அப்படியே எழுந்திருங்கள். அதற்கு ஜமாஅத்தும் பங்குப் பேரவையும் மீனவப் பஞ்சாயத்தும் ஒரு வரி தீர்மானம் போட்டாலே போதும். இதைவிடக் கடினமான தீர்மானங்களைப் போட்டு நிறைவேற்றிய அமைப்புகள் அவை. மீன்பிடித் தடைக்காலத்தில் வலை எடுக்காமல் இருக்க ஒரு குப்பம் முழுவதையும் சம்மதிக்க வைக்கிறவர்களால், ஒரு வீட்டில் ரொக்கம் கேட்காமல் இருக்கச் சொல்ல முடியாதா?

இரண்டாவது, அது முடியாத வீடுகளுக்கு. மண்டப வாசலில் மொய் எழுத ஒரு மேசை போடுகிறீர்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து உட்கார வைக்கிறீர்கள். 101 ரூபாய் வைத்தவரின் பெயரும் ஊரும் அப்பா பெயரும் தப்பில்லாமல் ஏறுகிறதா என்று பின்னால் நின்று பார்க்கிறீர்கள். அந்த நோட்டு இருபது ஆண்டு கழித்தும் பீரோவில் பத்திரமாக இருக்கும். அதே மேசையில் அதே ஆளிடம் இன்னொரு நோட்டு கொடுத்து, பெண்ணுக்கு என்ன நகை, என்ன பாத்திரம், யார் போட்டது என்று எழுதச் சொல்லுங்கள். பந்தி முடிந்ததும் மணமக்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டைப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுங்கள். அவள் மாமியார் கையிலும் வேண்டாம், அவள் அப்பா கையிலும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பிட்டு வளர்ந்த ஒரு காரைக்கால்வாசி